பழைய வேக்யூம் கிளீனர் வாங்கி விற்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் விற்ற இரண்டாவது இயந்திரம் வாங்கியவர் வீட்டில் எரிந்துபோனது. அது 120 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது; அவர் இருந்த நாட்டில் 230 வோல்ட். விளம்பரத்தில் வோல்ட் அளவைக் குறிப்பிட்டிருந்தேன், ஆனால் பத்தாவது படத்துக்குக் கீழே, ஒரே வரியில். அவர் அதைப் பார்க்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக ஓடிய மோட்டார் சில நொடிகளில் கருகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இயந்திரத்துக்கு உயிர் கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு படியையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். அந்தக் குறிப்புகளின் ஒழுங்கான வடிவம் இது. நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் நான்கு படிகளை முடிக்காமல் எந்த இயந்திரத்தின் சுவிட்சிலும் கை வைக்காதீர்கள்.

1. எதைச் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஆறு மாதத்தில் நடக்க இடமிருக்காது. நின்றபடி தள்ளும் வகை இயந்திரம் ஒன்று, கைப்பிடியோடு ஓர் ஆள் நிற்கும் இடத்தைப் பிடிக்கும். அதன் ஹோஸ், குழாய்கள், பிரஷ்கள் வைக்கத் தனி இடம் வேண்டும். ஆகவே ஒரு நிறுவனம், அல்லது ஒரு காலம், அல்லது ஒரு வகை என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள்.

வயதுதான் விலை என்று நினைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. 1937-இல் லுரெல் கில்டு வடிவமைத்த எலெக்ட்ரோலக்ஸ் மாடல் 30 பார்ப்பதற்கு ரயில் எஞ்சின் போல அழகானது. ஆனால் ஏராளமாக விற்பனையானது, இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. 1936-இல் ஹென்றி டிரைஃபஸ் உருவம் கொடுத்த ஹூவர் மாடல் 150-ஐத் தேடுகிறவர்கள், வடிவமைத்தவர் பெயருக்காகவும் தேடுகிறார்கள். மறுபுறம், 1980-களில் ஜப்பானில் விற்கப்பட்ட இளஞ்சிவப்பு நிற டைசன் ஜி-ஃபோர்ஸ் வயதில் இளையது, ஆனால் கிடைப்பது அரிது. ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை மிச்சமிருக்கின்றன, இதைத் தேடுகிறவர் இருக்கிறாரா, துணைக்கருவிகள் முழுமையாக இருக்கின்றனவா. மூன்றாவதற்குப் பதில் 'இல்லை' என்றால் முதல் இரண்டும் பாதி பயன்தான் தரும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: உதிரிப் பாகம் எளிதாகக் கிடைக்கும் வகையில் முதல் மூன்று இயந்திரங்களை வாங்குங்கள். கர்பி வகை இயந்திரங்கள் இதற்குப் பொருத்தமானவை. கனமான உலோக உடல், பல ஆண்டுகள் அடிப்படை மாறாத அமைப்பு, பெல்ட்டும் பையும் இன்றும் வாங்க முடியும். அரிதான மாடலில் கை பழகக் கூடாது.

2. வாங்கும் இடத்தில் பத்து நிமிடம்

விற்பவர் அவசரப்படுத்தினாலும் இதைச் செய்யுங்கள். பிளக்கைச் சொருக வேண்டாம். 'போட்டுக் காட்டுகிறேன்' என்று அவர் கிளம்பினால் பணிவாகத் தடுத்துவிடுங்கள். பல ஆண்டுகள் ஓடாத மோட்டாரை இப்படித்தான் கொல்கிறார்கள்.

பெயர்த்தகட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ இருக்கும். மாடல், வரிசை எண், வோல்ட், வாட் அல்லது ஆம்பியர் ஆகியவற்றைப் படம் எடுங்கள். தகட்டில் வரிசையாகச் சில ஆண்டுகள் பொறித்திருந்தால் அவை பெரும்பாலும் காப்புரிமை பெற்ற தேதிகள். உற்பத்தி ஆண்டு அதுவல்ல. காப்புரிமை 1915 என்று இருக்கும் இயந்திரம் 1928-இல் செய்யப்பட்டிருக்கலாம். இந்த ஒரு தவறு பின்னால் சுங்கத்தில் வந்து நிற்கும். பத்தாம் படியில் சொல்கிறேன்.

அடுத்து, விசிறியையோ மோட்டார் தண்டையோ கையால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றால் நல்லது. கரகரவென்றால் பேரிங் போயிருக்கிறது. அது சிறு செலவு. சுழலவே இல்லை என்றால் விலையில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். விசிறி இறகுகளில் ஒன்று உடைந்திருந்தாலும் மோட்டார் அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

வார்ப்பு உலோகப் பாகங்களைக் கூர்ந்து பாருங்கள். துத்தநாகக் கலப்பில் வார்த்த பழைய பாகங்களில் சிலந்தி வலை போல விரிசல் ஓடி, உலோகம் உப்பியிருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் இருந்ததால் வரும் அரிப்பு அது. ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது.

கடைசியாக, பாகங்கள் ஒரே இயந்திரத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். ஒரு மாடலின் உடலும் இன்னொன்றின் கைப்பிடியும் வேறொன்றின் பையும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். விற்பவருக்கே தெரிந்திருக்காது. ஹூவர் கான்ஸ்டலேஷன் போன்றவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு: 1950-களில் வந்த அந்த உருண்டை இயந்திரம், தான் வெளியேற்றும் காற்றின் மீதே மிதந்து நகர்வது, பிற்காலத்தில் மறுவெளியீடாகவும் வந்தது. பெயர்த்தகட்டைப் படிக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து விலை பேசினால் ஏமாற்றம்தான்.

3. வாங்கிய நாளிலேயே ஒரு கோப்பு

இதைத்தான் நான் நெடுநாள் செய்யவில்லை. அதற்கான விலையையும் கொடுத்தேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் உறை. அதனுள் இருக்க வேண்டியவை:

ரசீது. தனியாரிடம் வாங்கினால் ரசீது தரமாட்டார்கள். நீங்களே ஒரு தாளில் தேதி, மாடல், வரிசை எண், கொடுத்த தொகை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு நிமிட வேலை. திருட்டுப் பொருள் என்ற சந்தேகம் வந்தாலும், வருமானக் கணக்குக் கேட்டாலும், சுங்கத்தில் விலைக்குச் சான்று கேட்டாலும் இந்த ஒரு தாள்தான் பேசும்.

வாங்கிய நிலையில் எடுத்த படங்கள், குறைந்தது பன்னிரண்டு. துடைப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

கூட வந்த காகிதங்கள் அனைத்தும்: கையேடு, உத்தரவாத அட்டை, பழைய பில், பெட்டியின் கிழிந்த மூடி கூட. பழைய உத்தரவாத அட்டையில் வாங்கிய தேதி கையால் எழுதப்பட்டிருந்தால் இயந்திரத்தின் வயதுக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அதில் முந்தைய உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருந்தால், விளம்பரப் படத்தில் அவற்றை மறைத்துவிடுங்கள்.

செலவுத் தாள். திருகாணி வாங்கினாலும் அதில் ஏறட்டும்.

4. திறந்து பார்க்கும் வரை சுவிட்ச் கூடாது

முதலில் பை. பழைய துணிப் பைக்குள் பல ஆண்டுத் தூசியும் பூஞ்சையும் இருக்கும். வீட்டுக்கு வெளியே, முகமூடி அணிந்து, காற்று வீசாத நேரத்தில் அவிழ்த்து, உள்ளிருப்பதை அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவிடுங்கள். உதறாதீர்கள். துணிப் பையில் அச்சிட்ட சின்னம் இருந்தால் குளிர்ந்த நீரில் ஓர் ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே துவையுங்கள். சின்னம் அழிந்த பை வெறும் துணிதான்.

அடுத்து ஒயர். துணி சுற்றிய ஒயரின் வெளித்தோற்றம் நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் பிஸ்கட் போல நொறுங்கியிருக்கும். இயந்திரத்துக்குள் ஒயர் நுழையும் இடத்தில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உணர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். கழற்றிய பழைய ஒயரையும் பிளக்கையும் எறியாதீர்கள். பையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். சேகரிப்பாளர்கள் அதைக் கேட்பார்கள்.

மூன்றாவது, பெரும்பாலோர் கவனிக்காதது: வானொலி இரைச்சலைத் தடுக்கப் பொருத்திய சிறு கப்பாசிட்டர். மெழுகுத் தாளில் செய்த பழைய கப்பாசிட்டர் மின்சாரத்தைக் கசியவிடும், சில நேரம் வெடிக்கும். அது மின்னோட்டக் கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே இருந்தால், தொடுபவருக்கு ஷாக். பழையதை எடுத்துவிட்டு, இரண்டு மின்கம்பிகளுக்கு இடையே என்றால் 'எக்ஸ் 2' வகை, கம்பிக்கும் உடலுக்கும் இடையே என்றால் 'ஒய் 2' வகை போட வேண்டும். சாதாரண கப்பாசிட்டர் பொருத்தமில்லை.

மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு கட்டைகளான கார்பன் பிரஷ்களை எடுக்கும்போது எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்கேற்பத் தேய்ந்த பிரஷ்ஷைத் திருப்பிப் போட்டால் தீப்பொறி பறக்கும். புதிதில் இருந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால் மாற்றுங்கள். கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்ய எமரித் தாளைப் பயன்படுத்தாதீர்கள். அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு இடையே சிக்கி மின்சாரத்தைக் கடத்தலாம். கண்ணாடித் துகள் ஒட்டிய மிக நுண்ணிய உப்புத்தாள் போதும்.

பழைய வெப்பக் காப்புப் பட்டைகளிலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பேகலைட் (பழைய கெட்டிப் பிளாஸ்டிக்) பாகங்கள் சிலவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அவற்றை உப்புத்தாளால் தேய்க்கவோ துளையிடவோ கூடாது.

5. மின்சோதனை

உங்களுக்கு மின்வேலை தெரியாது என்றால் இந்தப் படியை ஒரு மின்பணியாளரிடம் கொடுங்கள். கட்டணம் பெரிதல்ல, அவர் எழுதித் தரும் சோதனைத் தாள் விற்கும்போது உதவும். எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை பயன்படாது.

என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்திருப்பது நல்லது. இயந்திரத்தின் சுவிட்சை 'ஆன்' நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு கால்களையும் இணைத்து, அவற்றுக்கும் உலோக உடலுக்கும் இடையே மெக்கர் என்ற அளவுகருவியால் 500 வோல்ட்டில் இன்சுலேஷனை, அதாவது மின்காப்பை, அளக்க வேண்டும். எர்த் உள்ள இயந்திரத்தில் குறைந்தது 1 மெகாஓம், இரட்டை இன்சுலேஷன் கொண்டதில் குறைந்தது 2 மெகாஓம் வர வேண்டும். குறைவாக வந்தால் உடனே மோட்டாரைத் தள்ளிவிடாதீர்கள். ஈரமான இடத்தில் கிடந்த சுருளில் ஈரம் ஏறியிருக்கும். வெதுவெதுப்பான உலர்ந்த இடத்தில் ஒரு வாரம் வைத்து மீண்டும் அளந்தால் பல மோட்டார்கள் தேறிவிடுகின்றன.

பழைய உலோக உடல் இயந்திரங்கள் பலவற்றில் இரண்டே கம்பி, எர்த் கிடையாது. மூன்று கம்பி ஒயர் போட்டு உடலை எர்த்துடன் இணைக்க முடியுமா என்று மின்பணியாளரிடம் கேளுங்கள். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் கொண்டது. அதற்கு எர்த் கொடுக்கக் கூடாது.

முதல் ஓட்டத்துக்கு, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வேண்டும். கால்வாசி அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.டி. கட்டாயம் இணைப்பில் இருக்கட்டும். விசிறியைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் முழு அழுத்தத்தில் ஓட்டாதீர்கள். இந்த வகை மோட்டார் சுமை இல்லாவிட்டால் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். பிரஷ் முனையில் சிறு நீலப் பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுழலும் சுருள், கெட்டிருக்கலாம். சுருளை மறுபடி சுற்றும் ரிவைண்டிங் செலவு பெரும்பாலும் இயந்திரத்தின் விலையைத் தாண்டும். அதே மாடலில் உடல் சிதைந்த இன்னொன்றை வாங்கி மோட்டாரை எடுப்பது மலிவு.

பேரிங் மாற்றுவது மட்டும் மனநிறைவு தரும் செலவு. பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். எண் தெரிந்தால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். 'அந்த இயந்திரத்துக்கான பேரிங்' என்று கேட்டால் பல மடங்கு விலை சொல்வார்கள்.

6. பளபளப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன்: குறைவாகச் செய்யுங்கள். ஒட்டுப்படச் சின்னங்களின் மேல் எந்தக் கரைப்பானும் படக் கூடாது, ஒரே துடைப்பில் போய்விடும். அலுமினியத்தைத் தேய்க்கலாம். நிக்கல் பூச்சைத் தேய்த்தால் கீழே பித்தளை தெரியும். மறுவண்ணம் அடிக்கவே வேண்டாம். வாங்குபவர் விரும்பினால் அவர் அடித்துக்கொள்ளட்டும்.

7. கணக்கு

வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் செலவுத் தாள் ஒன்றை அந்த அளவில் தருகிறேன். ஏற்றிவந்த செலவு 25. ஒயரும் பிளக்கும் 20. கார்பன் பிரஷ், பெல்ட், பேரிங் 30. மின்சோதனை 15. பொதிப் பொருள்கள் 20. ஆக மொத்தம் 210. விற்ற விலை 240. விற்பனைத் தளம் பத்து விழுக்காடு எடுத்துக்கொண்டது, அதாவது 24. மிஞ்சியது 6. என் பதினொரு மணி நேர உழைப்பு இதில் சேரவில்லை.

இதிலிருந்து என் வழக்கம் மாறியது. விற்கும் எண்ணத்தோடு வாங்கினால், உண்மையாக விற்றுமுடிந்த விலைகளின் நடுமதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. விற்றுமுடிந்த விலை என்பதை அழுத்திச் சொல்கிறேன். விளம்பரத்தில் கேட்கும் விலை ஒருவரின் ஆசை மட்டுமே; இரண்டு ஆண்டுகளாக விற்காமல் கிடக்கும் விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் விலை வைக்கக் கூடாது.

காலமும் செலவுதான். உலர்த்த ஒரு வாரம், உதிரிப் பாகம் வர இரண்டு முதல் ஆறு வாரம், வேலைக்கு இரண்டு வார இறுதிகள், வாங்குபவர் கிடைக்க ஒரு மாதம். வாங்கியதிலிருந்து பணம் வரும்வரை மூன்று மாதம் என்று திட்டமிடுங்கள்.

8. விளம்பரத்தில் எழுத வேண்டியவை

முதல் வரி: மாடல், வோல்ட். எரிந்துபோன இயந்திரத்துக்குப் பிறகு வோல்ட் அளவு இல்லாத தலைப்பை நான் எழுதியதே இல்லை. '120 வோல்ட் மட்டும். 230 வோல்ட்டில் மின்மாற்றி இல்லாமல் இணைக்கக் கூடாது' என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். மின்மாற்றியின் திறனையும் சொல்லிவிடுங்கள்: 600 வாட் இயந்திரத்துக்கு 1000 வோல்ட்-ஆம்பியர் தாங்கும் மின்மாற்றி. அதையே ஓர் அட்டையில் எழுதி ஒயரிலும் கட்டி அனுப்புங்கள்.

'வேலை செய்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு மூன்று பொருள் உண்டு: சுவிட்ச் போட்டால் சத்தம் வருகிறது, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், பிரஷ், பேரிங், ஒயர் மாற்றிச் சோதித்தேன். எது என்று எழுதுங்கள். மாற்றிய பாகங்களையும் மாற்றாதவற்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சோதிக்காத இயந்திரம் என்றால் 'காட்சிக்கு மட்டும்' என்று எழுதி ஒயரைக் கழற்றி அனுப்புங்கள். பாதுகாப்பில்லாத மின்கருவியை விற்பதற்குப் பல நாடுகளில் விற்பவரே பொறுப்பு. 'உள்ளது உள்ளபடி' என்ற சொல் அந்தப் பொறுப்பைத் துடைத்துவிடாது. உங்கள் நாட்டு விதியை விற்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

குறைகளைத் தனிப் படங்களாகப் போடுங்கள். ஒரு நிமிட ஒலியுடன் கூடிய காணொளி பத்து வரி விளக்கத்தைவிடப் பயனுள்ளது. பேரிங்கின் நிலையைச் சேகரிப்பாளர்கள் காதாலேயே கண்டுபிடிக்கிறார்கள்.

9. பொதியும் எடையும்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தொழிலில் அப்படியே நடக்கும். பல கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடையையும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு, அதிகமானதற்குக் கட்டணம் வாங்குகின்றன. சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு.

8 கிலோ இயந்திரத்தைக் கைப்பிடியோடு 125, 40, 40 அளவுள்ள பெட்டியில் வைத்தால் 40 கிலோவுக்குக் கட்டணம். கைப்பிடியைக் கழற்றி 60, 40, 40 பெட்டியில் வைத்தால் 19.2 கிலோ. நான்கு திருகாணியைக் கழற்றுவதில் செலவு பாதியாகிறது. ஆகவே விலை பேசும் முன்பே பெட்டியை அளந்து கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் பெட்டி. இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை. குழாய்களும் கனமான துணைக்கருவிகளும் உள்ளே உருண்டு பேகலைட்டை உடைக்காதபடி தனியாகக் கட்டுங்கள். பெல்ட்டைக் கழற்றி அனுப்புங்கள். காப்பீடு செய்யும்போது 'பொதி போதாது' என்ற காரணத்தில் இழப்பீடு மறுக்கப்படுமா என்று விதியைப் படியுங்கள். எனக்கு ஒருமுறை மறுக்கப்பட்டது. பொதியும் ஒவ்வொரு கட்டத்தையும் இப்போது படம் எடுத்து உறையில் வைக்கிறேன்.

10. நாடு கடந்து அனுப்பினால்

உலகச் சுங்கப் பட்டியலில் வேக்யூம் கிளீனரின் தலைப்பு எண் 8508. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு 9706. பல நாடுகளில் இரண்டுக்கும் வரி வேறு. 1937 இயந்திரத்தைத் தொல்பொருள் என்று எழுதினால் அது தவறான அறிவிப்பு. பார்சல் நிற்கும், அபராதமும் வரலாம். நூறாண்டு என்பது உற்பத்தியிலிருந்து எண்ணுவது. காப்புரிமைத் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. நான் ஒரு முறை பெயர்த்தகட்டின் தேதியைச் சான்றாக அனுப்பி, பார்சல் ஐந்து வாரம் கிடங்கில் கிடந்தது. உறையில் இருந்த பழைய உத்தரவாத அட்டையின் நகலை அனுப்பி, வகையைத் திருத்திய பிறகே விடுவித்தார்கள். கிடங்கு வாடகை என் தலையில்.

வாங்குபவர் 'அன்பளிப்பு என்று எழுதுங்கள், விலையைக் குறையுங்கள்' என்பார். மறுத்துவிடுங்கள். குறைத்து எழுதிய தொகைதான் பார்சல் தொலைந்தால் காப்பீடாகக் கிடைக்கும். சுங்கத்துக்காக நீங்கள் எழுதும் பட்டியலில் பொருள், மாடல், வரிசை எண், பழைய பொருள் என்ற குறிப்பு, உண்மையான விலை, இவ்வளவும் விற்பனை ரசீதோடு ஒத்துப்போக வேண்டும். இறக்குமதி வரி யார் கட்டுவது என்பதை விற்பதற்கு முன் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

11. பணமும் திருப்பி அனுப்புதலும்

பணம் கணக்கில் நிலைத்த பிறகே பார்சல் கிளம்ப வேண்டும். 'அனுப்பிவிட்டேன்' என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். ரசீதில் வரிசை எண்ணைக் குறிப்பிடுங்கள்; திரும்பி வரும் இயந்திரம் நீங்கள் அனுப்பியதுதானா என்று பார்க்க அது வேண்டும். இதற்காக, கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியில் அழியும் பென்சிலால் ஒரு சிறு குறியும் இடுகிறேன்.

ஆண்டுக்கு ஓரிரண்டு விற்பது பொழுதுபோக்கு. தொடர்ந்து வாங்கி விற்றால் பல நாடுகளில் அது வணிகம். பதிவும் வருமானக் கணக்கும் வேண்டும். மூன்றாம் படியில் சொன்ன உறைகள் உங்களிடம் இருந்தால் கணக்கு எழுத ஒரு மாலை போதும்.

இயந்திரம் போய்ச் சேர்ந்த பிறகு, வாங்கியவருக்கு அந்த உறையின் நகல் ஒன்றை அனுப்பிவைக்கிறேன்: பழைய படங்கள், மாற்றிய பாகங்களின் பட்டியல், பேரிங் எண், சோதனைத் தாள், கடைசியாகக் கிரீஸ் போட்ட தேதி. அடுத்த முறை பேரிங் மாற்ற வேண்டிவரும்போது அவர் மோட்டாரைத் திறக்காமலேயே கடைக்குப் போகலாம்.